விட்டுவைத்த ஒரு சாண்

கண்ணாடி அக்காவுக்கு ஞாபகமறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். கூடப் பிறந்த தங்கையின் பிறந்தநாள்கூட, தங்கை போன் போட்டுச் சண்டை பிடித்த பிறகுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒருத்தர் தனக்குச் செய்த கெடுதலை அவள் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. அதைத் துடைத்து, மடித்து, மனசுக்குள் இருக்கிற அலமாரியில் அடுக்கி வைத்திருப்பாள். எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் ஒரு கசங்கல் இருக்காது.

அந்த அலமாரியின் மேல்தட்டைப் பதினோரு வருஷமாக அவளுடைய கொழுந்தனுக்கே ஒதுக்கியிருந்தாள். புருஷனின் தம்பி. வேறு எவருக்கும் அங்கே இடம் கிடையாது.

கண்ணாடி அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, வாடிக்கையாளர்கள் வைத்தது. கார்களுக்கு மெஷினால் பாலீஷ் போடுவது அவள் தொழில். கீறல் விழுந்து மங்கிப்போன வண்டியை அவளிடம் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்து எடுக்கும்போது கதவைப் பார்த்தே தலை சீவிக்கொள்ளலாம். மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி வேறு உட்கார்ந்திருந்ததால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அதிலும் கருப்பு வண்டி என்றால் ஊரில் எல்லாரும் அவளைத்தான் தேடி வருவார்கள். மற்றவர்கள் கருப்பைக் கண்டால், "இடமில்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று நழுவிவிடுவார்கள்.

"வெள்ளை வண்டி நல்ல குடும்பத்து மாமியார் மாதிரி. உள்ள எவ்வளவு இருந்தாலும் வெளிய காட்டிக்காது. கருப்பு வண்டி சின்னப் பிள்ளை மாதிரி. யார் என்ன பண்ணினாங்கன்னு எல்லார் முன்னாலயும் போட்டுக் கொடுத்துடும்" என்பாள்.

அது உண்மைதான். தூசியோடு காய்ந்த துணியால் தேய்த்தாலும், அழுக்குப் பிரஷ்ஷால் கழுவினாலும், மேல்பூச்சில் மயிரிழைக் கீறல்கள் ஆயிரக்கணக்கில் விழும். நிழலில் நிற்கும்வரை வண்டி ராஜா. வெயிலுக்கு வந்ததும் சூரியன் விழுகிற இடத்தைச் சுற்றி ஒரு சிலந்திக்கூடு தெரியும். அதை எடுக்க வேண்டுமென்றால், கீறலின் அடிமட்டம்வரை மேல்பூச்சை மெஷினால் மெல்ல மெல்லச் சீவ வேண்டும். மேல்பூச்சு மெல்லிசு. அதிகம் சீவினால் போனது போனதுதான், திரும்ப வராது. வண்டியின் உடம்பில் மேடு தட்டி மடிகிற விளிம்புகளில் அது இன்னும் மெல்லிசு. அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு மெஷினைக் கையில் எடுப்பார்கள். டேப் ஒட்டச் சோம்பல்படுகிறவன் இன்றில்லாவிட்டால் நாளைக்குச் சுட்டுவிடுவான். சுடுவது என்றால் மேல்பூச்சும் நிறமும் போய் அடியில் இருக்கும் சாம்பல் பூச்சு வெளியே பல்லைக் காட்டுவது. இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் வேறில்லை.

அந்தக் கேவலம்தான் அவள் தலையில் கட்டப்பட்டது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டை ஒட்டியே மாமனாரின் பட்டறை இருந்தது. டிங்கரிங், பெயிண்டிங், பாலீஷ் எல்லாம் அங்கே நடக்கும். முதலில் டீ கொண்டுபோய்க் கொடுக்க அங்கே நுழைந்தாள். பிறகு துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள். ஒருநாள் பாதியில் கிடந்த ஒரு கதவை, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானே மெஷினை எடுத்து முடித்தும் வைத்துவிட்டாள். மாமனார் வந்து கதவைப் பார்த்தார், கையால் தடவினார். மறுநாள் காலையில் அவர் மெஷினைச் சின்ன மகன் கையில் கொடுக்காமல் மருமகளிடம் நீட்டினார். அன்றைக்கே கொழுந்தனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. வெளியே என்னவோ "அண்ணி, அண்ணி" என்று தேன் ஒழுகத்தான் பேசினான்.

பழி விழுந்த அன்று ஒரு வக்கீலின் கருப்புக் கார் வந்திருந்தது. கதவுகளையும் இடது பக்கத்தையும் அவள் முடித்துவிட்டாள், பானெட்தான் பாக்கி. அன்றைக்கென்று பார்த்து அடுப்பில் வைத்த பால் அவளுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. வழக்கம்போல மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. உள்ளே ஓடி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது கருகிய வாடை அடித்தது. மெஷின் தரையில் கிடந்தது. கொழுந்தன் துணியும் கையுமாக நின்றான். பானெட்டின் வலது பக்க விளிம்பில், விளக்குக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனாரும் வக்கீலும் பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"அண்ணிதான் கடைசியா மெஷினைப் பிடிச்சாங்க. நான் வந்து பார்க்கறேன், இப்படி ஆயிருக்கு."

அவள் பானெட்டையும் கொழுந்தனையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தம் கேட்டு அவள் புருஷன் கையில் பக்கெட்டோடு வந்தார். பட்டறை வாசலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் பக்கெட் அலம்பிக்கொண்டிருந்தவர் அவர். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கெட்டையே பார்த்தார்.

"நாளையிலேருந்து நீ உள் வேலையைப் பார்த்துக்கம்மா" என்றார் மாமனார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். வக்கீல் சும்மா போகவில்லை. பொம்பளை கையில் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடைத்தெருவில் அவளைக் கண்டால், "என்னம்மா, இன்னைக்கு எதைச் சுட்டே?" என்று கேட்கிற அளவுக்கு அது நாறிப்போனது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் கேட்டாள். "நீங்களும் பார்க்கலையா?"

"நான் தொட்டிகிட்டல்ல இருந்தேன்" என்றார் அவர்.

அவள் நம்பினாள். அவர் சுபாவமே அப்படி, கல்லுளிமங்கன். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் பாதியில் நின்றுவிடும். பாவம், அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் அவரோடு சிரித்துப் பேசியது, உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது, ஒரே தட்டில் சாப்பிட்டது எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நடந்தது.

இரண்டு வருஷம் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒருநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். புருஷனும் மறுபேச்சு பேசாமல் பின்னாலேயே வந்தார். அவருக்கு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அவள் பழைய மரக்கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்டைப் பிடித்தாள். தகரக் கூரை, ஒரு ஜன்னல், நான்கு பக்கமும் குழல்விளக்கு. முதல் வருஷம் ஈ ஓட்டினாள். அப்புறம் ஒரு கருப்பு வண்டி வந்தது, அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. இப்போது வாசலில் வரிசை நிற்கிறது.

கொழுந்தனும் சும்மா இல்லை. அப்பாவின் பட்டறையைக் கார் கழுவும் கடையாக மாற்றி, அது இரண்டாகி, இப்போது மூன்றாவதும் திறக்கப்போகிறது. கழுவுவதில் அவன் கெட்டிக்காரன்தான். பாலீஷில் மட்டும் சரக்கு கிடையாது. கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைக்கிற ஒரு எண்ணெயைத் தேய்த்து, "புது வண்டி மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிடுவான். நாலு தடவை கழுவினால் சாயம் வெளுத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அக்கா அந்த எண்ணெயைக் கையால் தொட்டதில்லை.

இத்தனை வந்த பிறகும் அவளுக்கு நிறைவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதே மாமனார் முன்னால், நாலு பேர் நடுவில், யாராவது அதைச் சொல்ல வேண்டும். அவள் செய்யவில்லை என்று. அதைச் சொல்ல வைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். பூனையின் காலம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஷெட் வாசலில் வந்து நின்றது. நீளமான கருப்புக் கார். ஓட்டி வந்த டிரைவர் புதிய ஆள்.

"முதலாளி வண்டிக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்."

"யாரு உங்க முதலாளி?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். "பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காருக்கா. புதுக் கடை திறக்கறாரு. புது மெஷின்ல முதல் வண்டியா இதையேதான் கழுவிக் காட்டப் போறாராம், எல்லார் முன்னாலயும். அதான் பளபளன்னு வேணும்."

பேரைச் சொல்லாதே என்றால் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ரகம். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை உள்ளே விடச் சொன்னாள், கழுவினாள், துடைத்தாள், ஜன்னலைச் சாத்தி விளக்குகளை அணைத்தாள். கையில் டார்ச்சை எடுத்துப் பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்தாள்.

சிலந்திக்கூடு இருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. யாரோ மெஷினைப் போட்டு எடுக்கப் பார்த்து, முடியாமல், இன்னும் மோசமாக்கி விட்டிருந்தார்கள். தடங்கள் புகை மாதிரி நெளிந்தன. டார்ச்சை நகர்த்த நகர்த்த அவையும் கூடவே நகர்ந்தன. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஒவ்வொரு தடத்தின் முடிவிலும், மெஷினைத் திருப்புகிற இடத்தில், வால் முளைத்த மாதிரி ஒரு சின்ன அழுத்தம் தெரிந்தது.

மெஷினைத் திருப்பும்போது அழுத்துகிறவனை அவள் வாழ்க்கையில் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொடுத்த காலத்தில், "தம்பி, திருப்பற இடத்துல அழுத்தாதீங்க" என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்று சிரித்தாள். தனியாக ஷெட்டில் நின்று சிரிக்கிற பொம்பளையை யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள்.

மத்தியானம் ரொட்டி வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த புருஷன், வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அது யார் வண்டி என்று தெரியும் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமைத் திறப்புக்குத் தம்பி அவரை மட்டும் போனில் அழைத்திருந்தான். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பெரிய வண்டியா வந்திருக்கு" என்றார்.

"ஆமா."

"யாருது?"

"பேர் சொல்ல வேண்டாம்னாங்களாம்."

அவர் சோற்றைப் பிசைந்தார். தம்பிப் பாசம் தடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

சாப்பிட்ட கையோடு, மேல்பூச்சின் கனத்தைச் சொல்லும் கேஜை எடுத்து வண்டி முழுக்க வைத்துப் பார்த்தாள். கதவுகளில் கனம் போதுமான அளவு இருந்தது. பானெட்டில் கொழுந்தன் ஏற்கெனவே விளையாடியிருந்ததால் மிச்சம் கொஞ்சம்தான். அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனை இல்லை.

மெஷினின் சுழலும் வட்டில் முரட்டு பேடை மாட்டி, கரகரப்பான காம்பவுண்டுப் பசையைப் போட்டு, பானெட்டில் நாலு சுற்று அதிகம் ஓட்டினால் போதும். வெள்ளிக்கிழமை அது மை போல ஜொலிக்கும். எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த கோடையில், நடுத்தெருவில் நிற்கும்போது, தோல் உரிகிற மாதிரி உரிய ஆரம்பிக்கும். எந்தக் கொம்பனாலும் இவளைக் கைகாட்ட முடியாது. அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கே திரும்பும். நினைக்க நினைக்க இனித்தது. முரட்டு பேடை மாட்டியும் விட்டாள். மெஷினைத் தூக்கிப் பானெட்டின் மேல் வைத்து, விசையில் விரலும் போய்விட்டது.

அங்கேதான் விரல் நின்றது. சுட்டுவிட்டால்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிடும். செய்யாத தப்புக்கு அவ்வளவு பாடுபட்டது போதாதென்று, அதே தப்பை வலியச் செய்து அவன் வாய்க்குச் சர்க்கரை போடுவதா? இரக்கம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம், அவளிடம் அது ஒரு சொட்டு இல்லை. முரட்டு பேடைக் கழற்றி மூலையில் எறிந்தாள். இதைவிட நல்லதாக ஒன்று அதற்குள் மனசில் உருவாகியிருந்தது.

முதலில் எல்லா விளிம்புகளிலும் டேப் ஒட்டினாள். பிறகு பானெட்டின் வலது பக்க விளிம்பில், விளக்குக்கு மேலே, கையை விரித்து ஒரு சாண் அளந்தாள். அந்த ஒரு சாணைச் சுற்றிலும் டேப் ஒட்டி, நடுவிலும் டேப்பைப் போட்டு மூடினாள். அவனுடைய வால் முளைத்த தடங்கள் அதற்குள் பத்திரமாக இருந்தன.

அதற்கப்புறம் அவள் செய்த வேலையை அவளே பிறகு பலமுறை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். மெத்தென்ற பேட், நைசான காம்பவுண்ட், மெஷின் அவசரப்படாமல் ஓடியது. ஒரு கையகலம் முடித்ததும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள், ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்த பிறகு நிற்கிற பளபளப்புதான் அவளைப் பொறுத்தவரை பளபளப்பு. கீறல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கதவுகளில் ஜன்னல் கம்பிகள் விழுந்தன, கூரையில் குழல்விளக்கு ஓடியது, பின்பக்கத்தில் அவளே நின்றாள், நெற்றியில் கண்ணாடியோடு. இவ்வளவு வெறுப்போடு இவ்வளவு சுத்தமான வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த டேப்பைப் பிரித்தாள். கண்ணாடிக்கு நடுவே ஒரு சாண் அழுக்குத் தழும்பு மாதிரி தெரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கொழுந்தன் கடையில் விற்கிற அதே எண்ணெயை ஒரு துளி வாங்கி வந்து வைத்திருந்தாள். அதைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினாள். தழும்பு மறைந்தது. சாதாரணச் சோப்புத் தண்ணீருக்கு அது நாலு தடவை தாங்கும், ஆனால் அவன் வாங்கியிருக்கிற புது நுரை மெஷினின் காரத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்காது. டிரைவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"முதலாளி பார்த்தா மயங்கி விழுந்துடுவாருக்கா."

"விழட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

"நானும் வரேன்."

"உன்னை..."

"கூப்பிடலை. தெரியும். மாமாவைப் பார்த்து நாளாச்சு."

மெஷினையும் ஒரு பெட்டி சாமானையும் அவள் வேனில் ஏற்றுவதை அவர் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கல்லுளிமங்கனாக இருக்க முடியாதே.

கடைக்கு முன்னால் நல்ல கூட்டம். வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், பழைய பட்டறை ஆட்கள். மாமனார் பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார், மிகவும் தளர்ந்துபோயிருந்தார். கொழுந்தன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியில் பேசினான். புது மெஷின், கை படாத கழுவல், ஒரு கீறல் விழாது என்றெல்லாம் அளந்துவிட்டு, தன் வண்டியைக் கொண்டுவரச் சொன்னான். கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தபோது வாய் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்து ஓடியது.

நுரை கொட்டியது. தண்ணீர் பீய்ச்சியது. காற்றடித்து ஈரத்தை விரட்டினார்கள். பிறகு டிரைவர் வண்டியை நடு வெயிலுக்கு ஓட்டி வந்து நிறுத்தினான். கூட்டத்தில் எல்லாரும் ஆச்சரியத்தில் சத்தம் போட்டார்கள். மேகம் ஒன்று பானெட்டில் நடந்து போவது தெரிந்தது.

மாமனார் எழுந்து வந்தார். கண் மங்கினாலும் பெயிண்டரின் கண். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பானெட்டின் வலது பக்கத்தில் நின்று, தடியின் நுனியால் சுட்டினார்.

"இது என்னடா, இங்க மட்டும்?"

எல்லாரும் குனிந்தார்கள். கண்ணாடிக்கு நடுவில் ஒரு சாண் சிலந்திக்கூடு, சதுரம் வெட்டினாற்போல. கொழுந்தன் கூலிங்கிளாஸைக் கழற்றினான். அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பதினோரு வருஷம் என்ன, இன்னும் பதினோரு வருஷம் காத்திருக்கலாம். ஆனால் பொய் பழகிய நாக்கு, பழைய தடத்திலேயே ஓடியது.

"அண்ணிகிட்டதான்பா வேலைக்குக் கொடுத்தேன். அவங்க கை எப்பவும் இப்படித்தானே. அன்னைக்கும் இதே மாதிரிதான் கெடுத்தாங்க."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்குச் சுட்டவ இவதான்னா, இன்னைக்கு இவகிட்டயே ஏன்டா உன் வண்டியைக் கொடுத்தே?"

கொழுந்தன் கூலிங்கிளாஸைச் சட்டையில் துடைத்தான். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். அவள் முன்னால் வந்தாள்.

"மாமா, வண்டி முழுக்க என் கை. இந்த ஒரு சாண் மட்டும் என் கை படல. வேணும்னுதான் விட்டேன். இது உங்க சின்ன மகன் கை. மெஷினைத் திருப்பற இடத்துல அழுத்துவாரு. வால் மாதிரி விழுந்திருக்கு பாருங்க. நீங்களே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க." அவள் அந்த விளிம்பை விரலால் தடவிக் காட்டினாள். "அன்னைக்கும் இதே இடம்தான். டேப்பும் ஒட்டல."

மாமனார் குனிந்து தன் கையால் வெயிலை மறைத்து, விட்டு, மறைத்துப் பார்த்தார். நிமிரவே இல்லை.

"சும்மா ஏதாவது சொல்லலாம்" என்று கொழுந்தன் கத்தினான். "நான்தான் சுட்டேன்னு யாரு பார்த்தா? யாராவது பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன்."

சொன்னது அவள் புருஷன். கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், இரண்டடி முன்னால் வந்திருந்தார். "நான் பார்த்தேன்டா. நீதான் மெஷினை வெச்சிருந்தே. அவ உள்ள பாலை இறக்கப் போயிருந்தா. அவ செய்யல."

அந்த வாக்கியம் வந்துவிட்டது. மாமனார் முன்னால், நாலு பேர் அல்ல, நாற்பது பேர் நடுவில். கொழுந்தன் கூலிங்கிளாஸை மறுபடி மாட்டிக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிறவன் போலக் கடைக்குள் போய்விட்டான். மாமனார் அவள் பக்கம் திரும்பி, "தப்புப் பண்ணிட்டேம்மா, விசாரிக்காம விட்டுட்டேன்" என்றார். பழைய பட்டறை ஆட்கள் தலையை ஆட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. அலமாரியின் மேல்தட்டை ஒரே வீச்சில் துடைத்துக் காலி செய்த மாதிரி இருந்தது.

வேனிலிருந்து மெஷினை எடுத்து வந்தாள். கொழுந்தன் கடையின் பிளக்கிலேயே சொருகி, எல்லார் முன்னாலும் அந்த ஒரு சாணுக்குச் சுற்றிலும் டேப் ஒட்டி, அதை முடிக்க ஆரம்பித்தாள். பாதி வேலையை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சிலந்திக்கூடு கரையக் கரைய, அந்த இடத்தில் ஒரு முகம் தெளிந்து வந்தது. அவள் பின்னால் புருஷன் நின்றுகொண்டிருந்தார். நல்ல காரியம் செய்துவிட்ட ஆளின் முகம், லேசாகச் சிரிப்பும் இருந்தது.

அப்போதுதான் அவர் சொன்னதன் முதல் பாதி அவள் காதில் ஏறியது.

நான் பார்த்தேன்.

மெஷினை நிறுத்தவில்லை. முடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டேப்பைப் பிரித்து, மாமனார் காலைத் தொட்டுவிட்டு வந்து வேனில் ஏறினாள். வேன் முழுக்க ரொட்டி வாசனை. அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெரு தாண்டியதும் அவள் கேட்டாள்.

"தொட்டிகிட்ட இருந்தேன்னு சொன்னீங்களே."

"தொட்டிகிட்டதான் இருந்தேன். அங்கேர்ந்து பார்த்தா உள்ள தெரியும்ல."

"ம்."

"எப்படிச் சொல்றது. கூடப் பிறந்தவன். அப்பா வேற கோவக்காரர்." அவர் கியரை மாற்றினார். "அதான் இன்னைக்குச் சொல்லிட்டேனே."

"வண்டியை நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"நிறுத்துங்க."

அவர் ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கினாள், பின்கதவைத் திறந்தாள், காலி ரொட்டித் தட்டுகளுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்து கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். அவர் வேனைக் கிளப்பினார். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவளைத் தேடினார்.

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம். எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே" என்றார்.

அவள் மடியில் கிடந்த துணியை உதறி, மடித்து, ஓரத்தை இழுத்துவிட்டு, கசங்கலில்லாமல் இன்னொரு மடிப்பு மடித்தாள். அலமாரியின் மேல்தட்டு இன்றைக்குத்தான் காலியாகியிருந்தது.